நியூரோ ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: வீட்டில் ஒருவருக்கு மூளை, நரம்பு வைத்தியம் நடக்கும்போது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி, அதில் 'டிஸ்ஃபேஜியா' என்று ஒரு வார்த்தை. அவருக்குப் பேச்சு வராமல் இருந்ததால், அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது விழுங்குவதில் உள்ள கோளாறு. அன்று சாயங்காலம் பெரியம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்தார், புரையேறியது, இரண்டு நாளில் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக மறுபடி அட்மிஷன். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்களிடம் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால் பேப்பரில் இருந்தது.

அதற்கப்புறம்தான் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, தெரியாத ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி, டாக்டரிடமும் சிஸ்டர்களிடமும் ஃபிசியோ வந்த தம்பியிடமும் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். அந்த நோட்டிலிருந்து எடுத்துத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்டர் உங்களுக்காக ஒதுக்கும் நாலு நிமிஷத்தில் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும், அதற்குத்தான் இது.

முதல் வேலை: 'நரம்பு' என்ற வார்த்தையைச் சலித்து எடுங்கள்

நம் பேச்சில் நரம்பு என்றால் எல்லாமும்தான். கையில் பச்சையாகத் தெரிவதும் நரம்பு, குதிகாலுக்கு மேல் இழுப்பதும் நரம்பு, காலில் சுருண்டு புடைத்திருப்பதும் நரம்பு முடிச்சு. இதில் ஒன்றுகூட டாக்டர் சொல்லும் நரம்பு இல்லை. பச்சையாகத் தெரிவது ரத்தம் திரும்பிப் போகும் சிரை, குதிகாலில் இருப்பது தசையை எலும்போடு கட்டும் தசைநாண், காலில் சுருண்டிருப்பது வெரிகோஸ் வெயின், அதுவும் சிரைதான். அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீரைக் குடித்து வந்த நரம்புச் சிலந்தி ஒரு புழு, அதற்கும் நரம்புக்கும் சம்பந்தமே கிடையாது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அப்படி ஒரு நோயின் பெயர் எந்த நியூரோ டாக்டரின் பேப்பரிலும் நான் பார்த்ததில்லை.

டாக்டர் சொல்லும் நரம்பு, மூளைக்கும் உடம்புக்கும் செய்தி கொண்டுபோகிற, கொண்டுவருகிற கம்பி. வெளியே தெரியாது. ஆகவே ரிப்போர்ட்டில் 'நியூரோ', 'நர்வ்' என்று வந்தால் மட்டும் நரம்பு. 'வாஸ்குலர்', 'வீனஸ்', 'ஆர்ட்டரி' என்றால் ரத்தக்குழாய். 'மஸ்குலர்', 'மையோ' என்றால் தசை. இந்தப் பிரிவினை தெரியாமல்தான் பாதிப் பேர் போகவேண்டிய டாக்டரை விட்டுவிட்டு வேறு டாக்டரின் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.

'வாதம்' இன்னொரு குழப்பம். பக்கவாதம் மூளையில் ரத்த ஓட்டம் கெடுவதால் வருவது, முகவாதம் பெரும்பாலும் முக நரம்பு ஒன்று வீங்குவதால், நடுக்குவாதம் பார்க்கின்சன், இளம்பிள்ளை வாதம் போலியோ. முடக்குவாதமும் கீல்வாதமும் மூட்டுச் சமாச்சாரம், அதற்கு நியூரோ டாக்டர் தேவையில்லை.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்

எங்கே? என்ன? எந்தப் பக்கம்? எவ்வளவு? எப்போதிலிருந்து? ரிப்போர்ட்டில் வரும் எந்தப் பெரிய வார்த்தையும் இந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லும், பல வார்த்தைகள் ஒரே மூச்சில் இரண்டுக்குப் பதில் சொல்லும். மூளைக்காய்ச்சல் என்பதைப் பாருங்கள், மூளை எங்கே என்பதற்கு, காய்ச்சல் என்ன என்பதற்கு. பக்கவாதமும் அதே மாதிரி. மருத்துவ வார்த்தைகளும் இப்படித்தான் ஒட்டுப்போட்டுச் செய்தவை. ஹெமிப்ளீஜியா என்று பயமுறுத்துகிறதே, ஹெமி என்றால் பாதி, ப்ளீஜியா என்றால் அடித்துப் போட்டது மாதிரி செயலிழப்பு. நம் பக்கவாதம் என்ற சொல்லேதான்.

எங்கே?

தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்படித்தான் மனதில் நின்றது. ஓடு மண்டை ஓடு, ரிப்போர்ட்டில் 'க்ரேனியம்'. பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் மூளை உறை, அது 'மெனிஞ்சஸ்'. பருப்பு மூளை, 'செரிப்ரம்' என்றால் பெருமூளை, 'செரிபெல்லம்' என்றால் பின்னால் இருக்கும் சிறுமூளை, மொத்த மூளைக்கும் 'என்செஃபலோ'. உள்ளே இருக்கும் இளநீர் மூளைத் தண்டுவடத் திரவம், 'சி.எஸ்.எஃப்.' என்று எழுதுவார்கள், அது இருக்கும் அறைகள் 'வென்ட்ரிக்கிள்'. அந்த நீர் வடிய வழியில்லாமல் அறைகள் பெருத்தால் 'ஹைட்ரோகெஃபாலஸ்', ஹைட்ரோ நீர், கெஃபால் தலை.

மூளை உறை மட்டும் ஒரே தோல் இல்லை, மூன்று: வெளியே டியூரா, நடுவில் அரக்னாய்டு, மூளையோடு ஒட்டியது பையா. தலையில் அடிபட்டவரின் சி.டி. ஸ்கேனில் இந்தப் பெயர்கள்தான் வரும். 'எபிடூரல்' என்றால் ஓட்டுக்கும் டியூராவுக்கும் நடுவே ரத்தம், 'சப்டூரல்' டியூராவுக்குக் கீழே, 'சப்அரக்னாய்டு' அதற்கும் கீழே, 'இன்ட்ரா செரிப்ரல்' மூளைக்குள்ளேயே. ரிங் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்த பையன் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சுருண்டு விழுகிறான் என்றால் அது எபிடூரல் செய்யும் வேலையாக இருக்கலாம், அதனால் 'பேசுறான்ல, ஒண்ணுமில்ல' என்று வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. சப்டூரல் நேர் எதிர், வயசானவர்கள் பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்து, எல்லோரும் அதை மறந்தே போன பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம் என்று மெதுவாகக் காட்டும். டாக்டர் "சமீபத்துல விழுந்தாரா?" என்று கேட்டால் நன்றாக யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

முதுகுக்கு வந்தால் எழுத்தும் நம்பரும்தான். சி என்றால் கழுத்து, டி அல்லது டி.எச். என்றால் நெஞ்சுப் பின்புறம், எல் என்றால் இடுப்பு, எஸ் என்றால் அதற்குக் கீழே. தண்டுவடத்திலிருந்து மொத்தம் 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன, மூளையிலிருந்து நேராக 12 ஜோடி. 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்றால் நாலாவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை பிதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நாற்பது வயசைத் தாண்டிய எத்தனையோ பேருக்கு வலியே இல்லாமல் இது இருக்கும். ஸ்கேனில் இருக்கிறது என்பதற்காக உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை ஓடுவதில்லை, எல்1-எல்2 பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்புகள் மட்டும் அந்த நீரில் தொங்கும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் 'லம்பார் பங்ச்சர்' எல்3-எல்4 மாதிரி இடத்தில், தண்டுவடம் முடிந்த பிறகுதான் செய்கிறார்கள். "முதுகுல தண்ணி எடுத்தா கால் போயிரும்" என்ற பயத்தில் கையெழுத்துப் போடாமல் வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்த ஓர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன், மூளைக்காய்ச்சலில் அந்த நீர் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியாது. யாராவது இந்த நம்பர் கணக்கைச் சொல்லியிருந்தால் அவர் அந்தப் பயத்தில் அரை நாள் வீணாக்கியிருக்க மாட்டார்.

என்ன?

இது வார்த்தையின் வாலில் இருக்கும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, அதாவது வீக்கமும் சூடும்: மெனிஞ்சைடிஸ் உறையில், என்செஃபலைடிஸ் மூளையில், நியூரைடிஸ் நரம்பில். 'பதி' என்று முடிந்தால் பொதுவாகப் பாதிப்பு: நியூரோபதி, என்செஃபலோபதி. 'அல்ஜியா' என்றால் வலி. 'ஓமா' என்றால் பெரும்பாலும் கட்டி, ஆனால் ஹெமடோமா கட்டி இல்லை, தேங்கிய ரத்தம். 'எக்டமி' வெட்டி எடுப்பது, 'ஆட்டமி' திறப்பது மட்டும். 'அட்ரோஃபி' சுருக்கம், வயசுக்கேற்ற சுருக்கம் என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம்.

தலைப்பக்கத்தில் வருவது: 'அ', 'அன்' என்றால் இல்லை, 'டிஸ்' என்றால் சரியில்லை, 'ஹைப்பர்' கூடுதல், 'ஹைப்போ' குறைவு. இந்தக் கடைசி இரண்டையும் போனில் கேட்கும்போது மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். ஹைப்போகிளைசீமியா, அதாவது சர்க்கரை மிகவும் குறைவது, சில சமயம் பார்ப்பதற்குப் பக்கவாதம் மாதிரியே இருக்கும்.

சிவப்பு மையால் எழுதிவைக்க வேண்டிய ஜோடிகள் சில உண்டு. அஃபேசியா என்றால் வார்த்தையே வராமல் போவது அல்லது மற்றவர் சொல்வது புரியாமல் போவது. டிஸ்ஆர்த்ரியா என்றால் வார்த்தை தெரியும், நாக்கு குழறுகிறது. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்க முடியாதது. அதேபோல மயலோபதி தண்டுவடம், மையோபதி தசை, ரேடிக்குலோபதி தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பின் வேர். ஈ.ஈ.ஜி. மூளைக்கு, ஈ.சி.ஜி. இதயத்துக்கு.

வலிப்புக்குத் தனி அகராதியே உண்டு. ஒரு தடவை வருவதை 'சீசர்' என்பார்கள், நாம் பிட்ஸ் என்போம். காய்ச்சல், சர்க்கரைக் குறைவு, அடி என்று உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால்தான் வழக்கமாக 'எபிலெப்ஸி' என்ற பெயர் வைப்பார்கள், இல்லையென்றால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை வந்த பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு என்று ஊரே முத்திரை குத்திக் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம். 'போஸ்ட் இக்டல்' என்றால் வலிப்பு நின்ற பிறகு வரும் தூக்கமும் குழப்பமும். 'ஸ்டேட்டஸ்' என்றால் நிற்காமல் தொடர்வது, அது ஆபத்து. நம் நாட்டில் வலிப்பு வந்தவர் ஸ்கேனில் அடிக்கடி பார்ப்பது 'ரிங் என்ஹான்சிங் லீஷன்', வளையம் மாதிரி தெரியும் ஒரு புள்ளி. நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் தங்கிய கட்டியாகவோ டி.பி. கட்டியாகவோ இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து உண்டு. 'கால்சிஃபைடு' என்றால் சுண்ணாம்பு படிந்த பழைய தழும்பு. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதை விட்டுவிடுங்கள், வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள், 5 நிமிஷத்தைத் தாண்டினால் 108.

ஆள் பெயரில் இருக்கும் நோய்களை இப்படிப் பிரித்துப் படிக்க முடியாது. பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதத்தை எழுதியவர், அல்சைமர் 1906-இல் மறதி நோயைச் சொன்னவர், 'ஜி.பி.எஸ்.' என்பது 1916-இல் எழுதிய கில்லன், பாரே இருவரின் பெயரிலிருந்து வந்தது, கால்களில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

எந்தப் பக்கம்?

மூளையின் இடது பாதி உடம்பின் வலது பாதியை இயக்குகிறது, நரம்புகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஒன்றையொன்று தாண்டிப் பக்கம் மாறுவதால். ஆகவே ஸ்கேனில் 'லெஃப்ட்' என்றும் கேஸ் ஷீட்டில் 'ரைட்' என்றும் இருந்தால் யாரும் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது பாதியில்தான், அதனால்தான் வலது கைகால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது.

முகம் கோணினால் ஒரு வித்தியாசம் சொல்வார்கள்: முக நரம்பு மட்டும் கெட்ட 'பெல்ஸ் பால்சி'யில் அந்தப் பக்க நெற்றியையும் சுருக்க முடியாது, மூளையில் வந்த பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். இது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி நீங்களே முடிவுகட்டி, எண்ணெய் தேய்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

எவ்வளவு?

'பரேசிஸ்' என்றால் பலம் குறைவு, 'ப்ளீஜியா' என்றால் அறவே இல்லை. பக்கத்தில் 'பவர்' என்று 0 முதல் 5 வரை நம்பர் இருக்கும். 0 அசைவே இல்லை, 1 தசை லேசாகத் துடிக்கும், 2 மெத்தையில் வைத்தபடியே நகர்த்தலாம், 3 தூக்க முடியும், 4 நாம் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்துத் தள்ளுவார், 5 முழு பலம். பெரியப்பாவுக்கு 2 என்று இருந்தது 3 ஆன நாள் எங்களுக்குத் தீபாவளி, ஏனென்றால் அன்றுதான் கையை மெத்தையிலிருந்து தூக்கினார்.

'ஜி.சி.எஸ்.' என்பது சுயநினைவின் அளவு, கிளாஸ்கோ ஊரில் 1974-இல் வகுத்தது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சமே 3, பூஜ்யம் கிடையாது. 8-ம் அதற்குக் கீழும் மிகக் கவலைக்குரியது. பேச்சுக்கான இடத்தில் நம்பருக்குப் பதில் 'டி' என்று இருந்தால் தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் பேசவைத்துப் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். 'பிளாண்டார்' என்று எழுதி மேல்நோக்கி அம்பு போட்டிருந்தால் உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் மேலே போனது, பெரியவர்களுக்கு அது மூளை அல்லது தண்டுவடப் பாதிப்பின் அடையாளம்.

'அன்ரிமார்க்கபிள்' என்று பார்த்துவிட்டு ஒரு சொந்தக்காரர் மயங்காத குறை. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, நார்மல் என்றுதான் அதற்குப் பொருள். 'லீஷன்' என்றால் மாறித் தெரியும் ஓர் இடம், கேன்சர் என்று அர்த்தம் இல்லை. வார்த்தைக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் சந்தேகம் மட்டும், முடிவு இல்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கடைசியில் வரும் 'இம்ப்ரஷன்' பகுதியை முதலில் படியுங்கள்.

எப்போதிலிருந்து?

'அக்யூட்' இப்போதுதான் வந்தது, 'க்ரானிக்' நாள்பட்டது, 'ஓல்ட்' பழையது, 'சீக்வெலே' பழைய நோய் விட்டுப்போன மிச்சம். பக்கவாதத்தில் இந்தக் கட்டம்தான் உயிர். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, பக்கவாதம் ஆரம்பித்து 4½ மணி நேரத்துக்குள்தான் வழக்கமாகப் போடுவார்கள், அதற்கும் முன்னால் சி.டி. எடுத்து அடைப்பா ('இஸ்கீமிக்', 'இன்ஃபார்க்ட்') கசிவா ('ஹெமரேஜ்') என்று பார்த்தாக வேண்டும், கசிவில் அந்த ஊசி போட்டால் ஆபத்து. வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினையும் அதனால்தான் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. வாய் கோணல், ஒரு கை இறங்குதல், பேச்சுக் குழறல், மூன்றில் ஒன்று வந்தாலும் 108-க்குப் போன். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி "எத்தனை மணிக்கு?" என்பதுதான். பார்த்த நேரத்தைச் சொல்லாதீர்கள், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். காலையில் எழும்போதே கை வரவில்லை என்றால் ராத்திரி படுத்த நேரம்தான் கணக்கு.

நம் பக்கத்துச் சொற்களை டாக்டரிடம் சொல்லும்போது

வார்த்தை கற்பது ஒருவழிப் பாதை இல்லை, நாம் சொல்வதும் அவருக்குத் தெளிவாகப் போக வேண்டும். 'தலை சுத்துது' என்று மட்டும் சொல்லாதீர்கள். வீடே சுற்றுகிறதா (வெர்டிகோ), கண் இருட்டி விழப்போவது மாதிரியா, நடக்கும்போது மட்டும் தள்ளுகிறதா, மூன்றும் வேறு வேறு. 'மரத்துப்போச்சு' என்பதைச் சிலர் பலமில்லை என்பதற்கும் சொல்கிறோம், தொட்டால் தெரியவில்லையா, தூக்க முடியவில்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது, கரண்ட் அடிப்பது, பஞ்சின் மேல் நடப்பது மாதிரி, இவையெல்லாம் நல்ல வார்த்தைகள், தயங்காமல் அப்படியே சொல்லலாம். சர்க்கரைக்காரர்களின் 'டயபெட்டிக் நியூரோபதி' இப்படித்தான் கால் நுனியில் ஆரம்பிக்கும், அப்புறம் உணர்ச்சியே போய்விடும். சித்திரை வெயிலில் கோயில் ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலில் சுற்றிவந்து, வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு வரியைப் படியுங்கள்

பெரியப்பாவின் பேப்பரில் இருந்தது: 'அக்யூட் இஸ்கீமிக் ஸ்ட்ரோக், லெஃப்ட் எம்.சி.ஏ. இன்ஃபார்க்ட், ரைட் ஹெமிபரேசிஸ், அஃபேசியா, டிஸ்ஃபேஜியா, ஆர்.டி. ஃபீட்ஸ்'. எப்போது? இப்போது வந்தது. என்ன? அடைப்பினால் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது. எங்கே? மூளையின் நடு ரத்தக்குழாய் பாயும் இடம், எம்.சி.ஏ. அதன் பெயர். எந்தப் பக்கம்? மூளையில் இடது, உடம்பில் வலது. எவ்வளவு? பலம் குறைவு, முழு இழப்பு இல்லை. கூடவே வார்த்தை வரவில்லை, விழுங்க முடியவில்லை, அதனால் மூக்குக் குழாய் ('ஆர்.டி.') வழியாக மட்டும் ஆகாரம்.

கடைசியில் இருந்த 'டிஸ்ஃபேஜியா, ஆர்.டி. ஃபீட்ஸ்' என்பதை அன்றே படிக்கத் தெரிந்திருந்தால் அந்த டம்ளர் தண்ணீரைத் தடுத்திருப்பேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்ட ஓடுவதற்கு முன்னால் சம்மரியை வார்டிலேயே உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள், தெரியாத வார்த்தையின் கீழ் கோடு போடுங்கள். கோடு போட்ட ஒவ்வொன்றுக்கும் டூட்டி டாக்டரிடமோ சிஸ்டரிடமோ ஒரே கேள்வி போதும்: "இதுக்காக வீட்டுல நாங்க என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது?" பதிலை அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி, பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் ஆட்டோ கூப்பிடுங்கள்.